பாலக்காட்டு வெயிலில் கினிப்பன்றி வளர்ப்பது எப்படி?

கினிப்பன்றி வளர்ப்பு என்று தேடினால் நான் பார்த்த வீடியோக்களில் பாதி, குளிர் தாங்காமல் அறைக்கு ஹீட்டர் போடுகிறவர்கள் எடுத்தவை. நமக்கு அது எதற்கு? கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் பங்குனி பிறந்தால் 40 டிகிரியைத் தொடுகிற ஊர்கள். இங்கே எனக்குச் சரிப்பட்டு வந்ததை எழுதுகிறேன்.

வாங்குவது: ஒன்றாக வாங்க வேண்டாம், இது கூட்டமாக வாழும் பிராணி. இரண்டு பெண்ணாக வாங்குங்கள். கடைக்காரர் வார்த்தையை நம்பாமல் புரட்டிப் பாருங்கள்: பெண்ணுக்கு அந்த இடம் ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும், ஆணுக்குப் புள்ளி வைத்த சின்ன 'ஐ' மாதிரி. தப்பாக வாங்கினால் சுமார் 68 நாள் சினைக்குப் பிறகு, கண் திறந்த, முடியோடு பிறந்த குட்டிகள் கூட்டுக்குள் ஓடும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே பிரித்துவிட வேண்டும்.

அதே கடையில் நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி என்று காதில் கிசுகிசுத்தால் நடையைக் கட்டுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். கினிப்பன்றி ஆண்டீஸ் மலைநாட்டில் பழங்காலம் தொட்டு வீட்டில் வளர்ந்த பிராணி என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கூடு: இரண்டுக்கு 7.5 சதுர அடியாவது வேண்டும். தரை கம்பியாக இருக்கக் கூடாது, பாதம் புண்ணாகும். செங்கல் தரைமேல் வைக்கோல் பரப்பினால் போதும். பக்கத்துக்குக் கோழிவலை அடிக்காதீர்கள், சின்னப் பாம்பு நுழைந்துவிடும். அரை இஞ்ச் வெல்டு மெஷ்தான் என் கட்சி. கடையில் விற்கும் கலர் பிளாஸ்டிக் கூண்டு, வெயிலில் அடுப்பு.

வெயில்: இதில்தான் பலர் பிராணியை இழக்கிறார்கள். கினிப்பன்றிக்கு வியர்க்காது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து.

தகரக் கொட்டகையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேண்டவே வேண்டாம். ஓட்டு வீட்டின் வடக்குத் திண்ணை இருந்தால் அதுவே சிறந்த இடம். கூட்டுக்குள் பழைய மண்பானை இரண்டைப் படுக்க வையுங்கள். ஒன்று போதாதா என்றால் போதாது; பலமானது உள்ளே படுத்துக்கொண்டு மற்றதை விரட்டும். பத்து மணிக்குப் பானையின் வெளிப்புறத்தை நனையுங்கள். கணவாய்க் காற்று வரும் பக்கம் மட்டும் ஈரக் கோணிச்சாக்கைத் தொங்கவிடுங்கள். சாக்கு வைக்கோலில் படக் கூடாது. ஈர வைக்கோலில் சிறுநீர் நெடி ஏறும், பூஞ்சை பிடிக்கும், ஈ முட்டை வைக்கும். பகல் உச்சியில், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள், வேண்டியது சாய்ந்துகொள்ளும்.

நீட்டிப் படுத்து மூச்சு வாங்கினால், எச்சில் வடிந்தால், உடனே நிழலுக்குள் கொண்டுபோய்க் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஆனியில் எல்லாம் தலைகீழ். மேற்கே இருந்து சாரல் அடிக்கும், அந்தப் பக்கம் படுதா கட்டாவிட்டால் சளி பிடித்து நிமோனியாவில் முடியும்.

தீனி: நாள் முழுக்கப் புல், அதுவே முக்கால் பங்கு. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் மென்றுகொண்டே இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. தென்னந்தோப்பில் அறுத்தால் களைக்கொல்லி அடித்ததா என்று முதலில் கேளுங்கள். வைக்கோல் படுக்கைக்கு மட்டுமே.

முயல் தீனி கொடுத்தே வளர்த்துவிடலாம் என்பார்கள். முயலின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், கினிப்பன்றிக்கும் நமக்கும் அது முடியாது. கிடைக்காவிட்டால் சில வாரத்தில் மூட்டு வீங்கி நொண்டும். தினம் ஒரு துண்டு குடைமிளகாய், இல்லாவிட்டால் கொஞ்சம் கொய்யா. தண்ணீரில் மாத்திரை கரைப்பது வீண். சத்து சீக்கிரம் கெடும், ருசி மாறினால் தண்ணீரையே குடிக்காமலும் விட்டுவிடும்.

பின்சேர்க்கை: படித்தவர்களில் சிலர் "தன் புழுக்கையையே தின்கிறதே" என்று பயந்து கேட்டார்கள். அது இயல்பு. மென்மையான ஒருவகைப் புழுக்கையைத் திரும்பத் தின்றுதான் சில சத்துகளை எடுத்துக்கொள்கிறது, தடுக்காதீர்கள்.

இன்னொருவர், வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்தில் சொட்டு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது. பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து பிராணி செத்துப்போகும். கால்நடை மருத்துவரிடம் போனாலும், மாடு ஆடு மட்டுமே பார்ப்பவராக இருந்தால், "இது கினிப்பன்றி, பென்சிலின் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.