ஹியூமிடிஃபையர்: ஓட்டும் முன் அளவு, ஓட்டிய பின் சுத்தம்

அறைக் காற்றில் ஈரத்தைக் கூட்டும் கருவிதான் ஹியூமிடிஃபையர். அதை வாங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். சில நூறு ரூபாய்தான். மலிவு மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம் என்பதால், வந்தவுடன் உப்பு வைத்துச் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, ஈரமணல் பதம் வருமளவு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 69 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 6 கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். 30-க்குக் கீழே போனால் உதடு வெடிப்பு, மூக்கில் ரத்தம், தொண்டை வறட்சி. 50-ஐத் தாண்டினால் மெத்தையில் தூசிப்பூச்சிக்குக் கொண்டாட்டம். 60-ஐத் தாண்டி நீடித்தால் சுவரில் பூசணம். ஆஸ்துமா உள்ள வீட்டில் ஈரம் கூடுவதும் ஆபத்துதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கருவியே வேண்டாம். ஏசி அறையில் தொண்டை வறள்கிறது என்று வாங்குபவர்கள்தான் அதிகம். அங்கேயும் மீட்டரை வைத்துப் பார்த்தால் பல நேரம் 45, 50 என்றுதான் காட்டும். குளிர்காற்று நேராக முகத்தில் அடிப்பதே காரணமாக இருக்கலாம். ஏசியை 26-ல் வைத்து, காற்று கூரையைப் பார்த்துப் போகும்படி பிளேடைத் திருப்பி இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். ஹியூமிடிஃபையர் விடும் ஈரத்தில் பெரும்பகுதியை ஏசி மறுபடி உறிஞ்சி டிரெய்ன் பைப் வழியே வெளியே விட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டொராண்டோ மாதிரி ஊர்களில் குளிர்காலத்தில் வாழும் நம்மவர்கள் கதை வேறு. மைனஸ் 10 டிகிரி காற்றை ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றும்; அது போதாது. ஆனால் அங்கே 50 வரை ஏற்றவும் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துச் சட்டம் ஊறி, பூசணம் பிடிக்கும். கடுங்குளிரில் 30-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணாடி வியர்த்தால் இன்னும் குறையுங்கள்.

கடையில் அதிகம் விற்பது அல்ட்ராசோனிக் வகை. அடியில் உள்ள சின்ன வட்டத் தகடு மிக வேகமாக அதிர்ந்து தண்ணீரைப் புகைபோல் உடைத்து விடும். சத்தமில்லை, கரன்ட் குறைவு. இதன் பலவீனம், தண்ணீரில் இருப்பதெல்லாம் காற்றில் போவது. டிடிஎஸ் (லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 800 உள்ள போர் தண்ணீரை ராத்திரிக்கு 3 லிட்டர் ஓட்டினால் கிட்டத்தட்ட 2.4 கிராம் உப்புத்தூள் அறைக்குள் பறக்கும். டிவி, அலமாரி மேல் படியும் வெள்ளைப் பொடி அதுதான். அதே பொடி நுரையீரலுக்கும் போகிறது. டிடிஎஸ் 50 காட்டும் ஆர்ஓ தண்ணீரில் அது 0.15 கிராம்தான், டிஸ்டில்டு வாட்டர் என்றால் இன்னும் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவு என்று பிடித்து ஊற்றாதீர்கள். காயிலில் படிந்த அழுக்கும் கிருமியும் அதில் இருக்கும். கொதிக்க வைத்த குழாய்த் தண்ணீரில் கிருமி சாகும், உப்பு போகாது.

ஈரத் திரி வழியாக ஃபேன் காற்றை ஊதும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. உப்பு திரியிலேயே தங்கிவிடும். அறையில் ஈரம் ஏறினால் ஆவியாவதும் தானே குறையும். திரி கட்டிபட்டால் மாற்ற வேண்டிய செலவு உண்டு. கொதிநீராவி வகையைக் குழந்தை நடமாடும் அறையில் வைக்கவே வேண்டாம். கவிழ்ந்தால் வெந்துவிடும்.

வைக்கும் இடம்: தரையில் அல்ல, இரண்டு மூன்று அடி உயர ஸ்டூலில். கட்டிலிலிருந்து நாலைந்து அடி தள்ளி, சுவரிலிருந்து ஓரடி விலகி, புகை வாய் சுவரையோ ஸ்விட்ச் போர்டையோ பார்க்காமல். கீழே தரையோ ஸ்டூலோ ஈரமானால் புகை அளவு அதிகம் என்று பொருள். வயர் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. மீட்டரைக் கருவியின் பக்கத்தில் வைக்காமல், அறையின் எதிர்ப்பக்கம் தலை உயரத்தில் வையுங்கள். கருவியிலேயே உள்ள சென்சார் தன் புகையைத் தானே அளந்து ஏமாறும்.

தண்ணீரைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, தொட்டியிலும் அடித்தட்டிலும் மிஞ்சியதைக் கொட்டி, அலசி, துடைத்து, மறுபடி நிரப்புங்கள். தேங்கிய தண்ணீரில் வழவழவென்று படலம் பிடித்தால் அது பாக்டீரியா.

மூன்று நாளுக்கு ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அடித்தட்டில் ஊற்றி அரை மணி நேரம் ஊற விடுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்தாலும் சரி. அதிர்வுத் தகட்டைப் பழைய மென்மையான பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கத்தி, ஸ்கிரப்பர் பட்டுக் கீறல் விழுந்தால் தகடு போச்சு. அடிப்பகுதியைக் குழாயடியில் காட்டாதீர்கள். காற்று வரும் துளை வழியே தண்ணீர் மின்பலகைக்குப் போய்விடும். கிருமி நீக்க, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, தொட்டியில் 20 நிமிடம் வைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள். வினிகர் போட்ட கையோடு அலசாமல் ப்ளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்.

ஓடும் தண்ணீரில் கிருமிநாசினி எதையும் கலக்கக் கூடாது. தென் கொரியாவில் 1994 முதல் ஹியூமிடிஃபையர் தொட்டியில் ஊற்றவென்றே கிருமிநாசினி விற்றார்கள். 2011-ல் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்தபிறகுதான் காரணம் இதுவென்று கண்டுபிடித்தார்கள். தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள், மூச்சில் போனபோது உயிரைக் குடித்தது. யூகலிப்டஸ் தைலம், வாசனை எண்ணெய் எதுவும் தொட்டிக்குள் வேண்டாம். பிளாஸ்டிக் விரிசல் விடும், குழந்தைகளுக்கு மூச்சும் திணறலாம். எண்ணெய்க்கென்று தனித் தட்டு இருந்தால் மட்டும் அதில் ஊற்றுங்கள்.

விளக்கு எரிகிறது, புகை இல்லை என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். தகட்டில் உப்புக்கறை, காந்தம் வைத்த மிதவை ஒட்டிக்கொண்டு மேலே எழாதது, தூக்கி நகர்த்தியபோது அடித்தட்டில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறியது. தகட்டின்மேல் தண்ணீர் ஆழம் கூடினாலும் புகை வராது. கொஞ்சம் கொட்டிவிட்டால் கிளம்பும். இடையிடையே வரும் "களக்" சத்தம் தொட்டியிலிருந்து நீர் இறங்குவது, பழுதல்ல.

சீசன் முடிந்ததும் ஒருமுறை வினிகர் போட்டு, அலசி, மூடியைத் திறந்தே ஒரு நாள் காயவிட்டு எடுத்து வையுங்கள். பழைய திரியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் புதுத் திரி.