திருநெல்வேலிச் சொதி: பால் திரியாமல் இறக்குவது எப்படி?

புளி கரைக்க வேண்டாம், மசாலா வறுத்து அரைக்க வேண்டாம், ஆனாலும் விருந்துச் சாப்பாடு மாதிரி இருக்க வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் சொதிக் குழம்புதான். வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். திருநெல்வேலிப் பக்கம் சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணங்களில் மறுநாள் விருந்து என்றாலே சொதிச் சாப்பாடுதான். மாப்பிள்ளைச் சொதி என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

நான்கு பேருக்கு: பெரிய தேங்காய் 1, பாசிப்பருப்பு கால் கப், உருளைக்கிழங்கு 1, கேரட் 1, பீன்ஸ் 10, முருங்கைக்காய் 1, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், பச்சை மிளகாய் 6, இஞ்சி இரண்டு அங்குலம், எலுமிச்சம்பழம் பாதி. தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் நெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை. தக்காளி வேண்டாம். மஞ்சள் பொடியும் வேண்டாம், சொதி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. இலங்கையில் இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதியில் மஞ்சள் உண்டு, பருப்பு கிடையாது. அது வேறு, இது வேறு.

1. பருப்பு

வாசம் வரும்வரை லேசாக வறுத்து, குக்கரில் குழைய விட்டு மசித்துக்கொள்ளுங்கள்.

2. பால் எடுப்பது

தேங்காயைத் துருவும்போது ஓட்டை ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் வரை போக வேண்டாம், நிறம் மங்கும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். தேங்காயின் கொழுப்பு 24 டிகிரியில்தான் உருகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துருவலில் பச்சைத் தண்ணீரை விட்டு அரைத்தால் பால் வராது, மிக்ஸி மூடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிதான் ஒட்டியிருக்கும்.

முக்கால் கப் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். அதே சக்கையில் ஒரு கப் விட்டு அரைத்தால் இரண்டாம் பால், ஒன்றரைக் கப் விட்டால் மூன்றாம் பால். முதல் பாலைத் தனியாக வையுங்கள். இரண்டையும் மூன்றையும் தனித்தனியாக வைக்கச் சொல்வார்கள். வார நாளில் நான் ஒரே பாத்திரத்தில்தான் பிடிக்கிறேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டீ வடிகட்டியில் வடிக்காதீர்கள், திப்பி இறங்கிவிடும். பழைய வேட்டித் துணிக்கு இணையாக எந்தக் கடையிலும் ஒன்று கிடைக்காது.

3. காய்கள்

அடி கனமான, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும். தேங்காய் எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகவே வதக்கி, இஞ்சியும் மிளகாயும் சேர்த்து அரைத்த விழுதைப் போடுங்கள். பச்சை வாசம் போனால் போதும், சிவக்கக் கூடாது. பிறகு நறுக்கிய காய்கள், தண்ணிப்பால் (அதாவது இரண்டாம், மூன்றாம் பால்), உப்பு. காய் வேகட்டும். உப்பு முழுவதையும் இங்கேயே போட்டுவிடுங்கள், கடைசியில் போட்டுக் கிண்ட அவகாசம் இருக்காது. வெந்ததும் பருப்பை ஊற்றி ஒரு கொதி.

4. முதல் பால்: பலருக்கும் கவிழ்வது இங்கேதான்

தேங்காய்ப்பாலில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு ஏற ஏற அந்தப் புரதம் வெந்து திரளும். பிடி விட்டதும் எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் தண்ணீரும் துணுக்குகளும் கிடக்கும். ருசி கெடாது, ஆனால் விருந்தாளி முன்னால் வைக்க மனசு வராது.

அதனால் காய் கொதித்துக்கொண்டிருக்கும்போது பாலை ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கட்டும். ஒரு கரண்டி சூடான குழம்பை முதல் பாலில் விட்டுக் கலக்குங்கள். பால் வெதுவெதுப்பானதும் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பை இருப்பதிலேயே சின்ன தீயில் வைத்து, அடி வரை கிண்டிக்கொண்டே இருங்கள். விளிம்பைப் பாருங்கள், நடுவை அல்ல. விளிம்பைச் சுற்றிப் பொடி நுரை கட்டும், ஆவி எழும். முதல் குமிழி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். அணைத்தால் மட்டும் போதாது. கனமான பாத்திரமும் பர்னரும் சூட்டை விடாது, அடுப்பிலிருந்து கீழே இறக்கி வையுங்கள். மூடவும் வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு உடனே வேண்டாம். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதே திரிசல்தான். பத்து நிமிடம் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து ருசி பாருங்கள். கடுகு, சீரகம், கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

திரிந்தே போய்விட்டால், காய் இல்லாமல் இரண்டு கரண்டி குழம்பை எடுத்து ஆறவைத்து, ஒரு கரண்டி வெந்த பருப்போடு மிக்ஸியில் அடித்துத் திரும்பக் கலக்குங்கள். முழுசாகச் சரியாகாது, பார்வைக்குத் தேறும்.

கூடவே இஞ்சித் துவையல்

இதைத் தவிர்க்காதீர்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும், இஞ்சி இருந்தால்தான் இரண்டாம் முறை சோறு கேட்கத் தோன்றும். உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாயை வறுத்து, தோல் சீவிய இஞ்சியை நன்றாக வதக்கி, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, ஒரு துண்டு வெல்லம், உப்பு வைத்துக் கெட்டியாக அரையுங்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் காரக்கறி. அதற்கும் நேரமில்லை என்றால் கடை சிப்ஸ், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

விருந்துக்கு

பத்துப் பேருக்கு மூன்று தேங்காய். மூன்றாவது படி வரை காலையிலேயே முடித்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். முதல் பாலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மேலே கெட்டியாக உறைந்திருக்கும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். வெந்நீர் இருக்கும் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி வைத்தால் இளகிவிடும். நான்காம் படியை இலை போட்ட பிறகு ஆரம்பித்தாலே போதும்.

பின்சேர்க்கை

பாக்கெட் தேங்காய்ப்பால் ஆகுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஆகும். அது எளிதில் திரியாது, பல பிராண்டுகளில் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்க்கிறார்கள். பாதி கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் கலந்தால் தண்ணிப்பால், மீதியை முதல் பாலாக வைத்துக்கொள்ளுங்கள். வாசம் ஒரு படி குறைவுதான். பவுடரை நான் சொல்ல மாட்டேன்.

காயைக் குக்கரில் வைத்தால் என்ன என்று இன்னொரு கேள்வி. ஒரு விசிலுக்கே முருங்கைக்காய் நாராகப் பிரிந்துவிடும். அவசரமென்றால் முருங்கையைத் தனியாக வேகவைத்துச் சேருங்கள்.

மிச்சமான சொதியை மறுநாள் நேரடியாகத் தீயில் வைக்க வேண்டாம். கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பாத்திரத்தை வைத்துச் சுடவைத்து, இடியாப்பத்துக்கோ ஆப்பத்துக்கோ ஊற்றிக்கொள்ளுங்கள்.