தன்மதிப்பை அளக்கப் போகிறீர்களா? முதலில் அந்த 15-ஐச் சந்தேகப்படுங்கள்

பி.எட். ப்ராஜெக்ட்டுக்கோ எம்.எஸ்சி. ஆய்வுக்கோ சேலம் பக்கத்துப் பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளின் தன்மதிப்பை அளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ரோசன்பெர்க் அளவுகோலைத்தான். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வை வைத்து மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்டது. பத்தே கூற்றுகள், சீக்கிரம் முடிந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் கோட்டை விடுகிறார்கள்.

மதிப்பெண் போடுவதில்தான் முதல் சிக்கல். ஐந்து கூற்றுகள் தன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசும், ஐந்து (2, 5, 6, 8, 9) குறைவாகப் பேசும். நல்ல கூற்றுக்கு 'முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்' என்றால் 3, அப்படியே இறங்கி 'ஒத்துக்கொள்ளவே மாட்டேன்' என்றால் 0. மற்ற ஐந்துக்கும் இதைத் திருப்பிப் போட வேண்டும், மொத்தம் அதிகபட்சம் 30. திருப்ப மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: தன்னை ரொம்பவே மதிக்கிற பிள்ளைக்கும் 15, தன்னை வெறுக்கிற பிள்ளைக்கும் 15. வேடிக்கை என்னவென்றால், சரியாகத் திருப்பிப் போட்டாலும், படிக்காமலே பத்துக்கும் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று டிக் அடித்த பையனுக்கும் அதே 15தான் வரும். அதனால் கூட்டுவதற்கு முன்னால் டிக்குகள் ஒரே கோட்டில் இறங்குகின்றனவா என்று தாளைப் பாருங்கள். அப்படி இறங்கினால் அந்தத் தாளைத் தனியே வைத்துவிடுங்கள்.

தமிழ் வடிவம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததாக இருக்கட்டும். போனில் மொழிபெயர்த்ததைக் கொடுத்தால் 'இல்லை' என்று முடிகிற கூற்றுக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' போடுவதா வேண்டாமா என்று பத்தாவது பையனே குழம்புவான். ஏற்காட்டு மலைக் கிராமத்து உண்டு உறைவிடப் பள்ளி என்றால் ஒவ்வொன்றையும் நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டுவது நல்லது.

வகுப்பாசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள், தயங்காமல். அவர் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தால் எல்லாரும் தங்கமான பிள்ளைகளாகிவிடுவார்கள். பரீட்சைத் தாள் கொடுத்த நாளையும் தவிர்த்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் மூன்றும் வேண்டும். காபிப் பழம் பறிக்கிற சமயத்தில் மலையில் பெற்றோரைப் பிடிப்பது கஷ்டம், முன்னாடியே கேட்டுவையுங்கள்.

இன்னொன்று, ரோசன்பெர்க் மொத்தமாகத்தான் சொல்லும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பையன் கணக்கில் திணறுவான், பட்டறையில் அவன் கைக்குப் பெரியவர்களே மரியாதை கொடுப்பார்கள். இந்த வித்தியாசம் உங்களுக்கு வேண்டுமென்றால் படிப்பு, விளையாட்டு, தோற்றம், நட்பு என்று பிரித்துக் கேட்கிற, உளவியலாளர் சூசன் ஹார்ட்டரின் வினாநிரலைப் பாருங்கள். நீளம் அதிகம், வேறு வழியில்லை.

15-க்குக் கீழே என்றால் குறைவு என்று இணையத்தில் பார்ப்பீர்கள். அந்த எல்லையை வைத்து நம் பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள், இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. குழுக்களை ஒப்பிடவோ, ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்க்கவோ உதவும்.

பெயருக்குப் பதில் எண் போடுங்கள், ஆனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியலை ஒருவர் மட்டும் பூட்டி வைத்திருக்கட்டும். தாளின் ஓரத்தில் 'செத்துப்போகலாம்போல இருக்கு' என்று ஒரு பிள்ளை எழுதினால் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் பேச ஆள் வேண்டும். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டையும் தாள் கொடுக்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.