இத்தாலியில் ஆளில்லாத கடற்கரை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

‘யாருக்கும் தெரியாத கடற்கரைகள்’ என்று ஒரு காணொளியைப் பார்த்து, அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவதுதான் முதல் தவறு. பல லட்சம் பேர் பார்த்த பிறகு அந்த இடம் எப்படி ரகசியமாக இருக்கும்? இத்தாலியில் தனிமை வேண்டுமென்றால் மாதத்தையும் காற்றையும் பார்த்துப் போக வேண்டும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15 அங்கே ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி நாட்டில் பாதிப் பேர் கடலோரத்தில்தான் இருப்பார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் போனால் கூட்டம் கலைந்திருக்கும், கோடை வெயிலில் சூடேறிய கடல்நீரும் இன்னும் இதமாக இருக்கும்.

அடுத்தது, இடத்தின் விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புவது. சார்டீனியாத் தீவின் கிழக்குக் கரையில் பவுனேய் ஊர் எல்லைக்குள் காலா கோலோரிட்ஸே இருக்கிறது. ‘காலா’ என்றால் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய சிறு விரிகுடா. வெள்ளைக் கூழாங்கற்கள், கடலுக்குள் இறங்கும் கல் வளைவு, மேலே 143 மீட்டர் உயர ஊசிப்பாறை. படத்தைப் பார்த்ததும் பலர் நேரே படகு பேசுகிறார்கள். ஆனால் அங்கே படகு கரையில் ஒதுங்க அனுமதி இல்லை; தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நடந்து போனால்தான் கால் பதிக்கலாம். சீசனில் அதற்கும் நாளுக்கு 250 பேர் என்று வரம்பு உண்டு, முன்பதிவு கட்டாயம். கோல்கோ பீடபூமியிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் இறக்கம். போகும்போது சுலபமாகத்தான் தெரியும். நீந்திக் களைத்த பிறகு, பிற்பகல் வெயிலில் அதே பாதையில் ஏறி வருவதுதான் கஷ்டம். கீழே கடை எதுவும் கிடையாது. கொண்டுபோன தண்ணீரில் பாதியைத் திரும்பி ஏறுவதற்கென்று மிச்சம் வைக்க வேண்டும்.

காற்றைக் கவனிக்காததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், பெரும்பாலான கரைகளில் அரை மீட்டரைக்கூடத் தொடாது. இத்தாலிக்குக் கிழக்கே உள்ள அட்ரியாட்டிக் கடலின் வடமுனை விதிவிலக்கு. அதனால் அங்கே கடலின் குணத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று பிரித்துச் சொல்வதுபோல அங்கேயும் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. வடமேற்கிலிருந்து வருவது மயெஸ்த்ராலே, தென்கிழக்கிலிருந்து வருவது ஷிரோக்கோ. மயெஸ்த்ராலே வீசும் நாளில் சார்டீனியாவின் மேற்குக் கரை கொந்தளிக்கும். மலை மறைப்பதால் கிழக்குக் கரையோரம் அடங்கிக் கிடக்கும். காற்றுக்கு எதிர்ப்புறக் கரையைத் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரியும். காற்றடைத்த மிதவையில் படுத்திருப்பவரை அதே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துப் போய்விடும். இத்தாலியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1530. அதைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

குகைகளுக்கும் இதே கணக்குதான். காப்ரித் தீவின் நீலக் குகைக்கு வாசல் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான். துடுப்புப் படகில் மல்லாந்து படுத்தால்தான் உள்ளே நுழைய முடியும். அலை கொஞ்சம் எழுந்தாலும் மூடிவிடுவார்கள். ஆகவே குகைப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாளிலேயே வைத்தால், தவறினாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். சார்டீனியாவில் அல்கேரோ நகருக்கு அருகிலுள்ள நெப்டியூன் குகைக்குப் படகு ஓடாத நாளில், செங்குத்துப் பாறையில் வெட்டிய 654 படிகள் வழியாக இறங்கிப் போக வாய்ப்புண்டு. கடல் மிகவும் சீறினால் அதுவும் மூடப்படும். பெயரில்லாத சிறு குகைகளுக்குள் தனியே நீந்திப் போவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வெளியே முழங்கால் உயரத்தில் வரும் அலை, குறுகிய வாசலுக்குள் நெருக்குண்டு கூரையை நோக்கி எழும்பும். தலைக்கு மேலே இருப்பது பாறை.

பாறை நிழலில் துண்டு விரிப்பதும் ஆபத்துதான். 2010 ஏப்ரலில் வென்டோடேனே தீவின் காலா ரொஸ்ஸானோ கரையில் மென்பாறை சரிந்து, பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். ‘கல் விழும் பகுதி’ என்ற பலகையைத் தாண்டி நிழலில் உட்காருபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. குடையைக் கையோடு கொண்டுபோங்கள்.

நினைவுக்கென்று ஒரு பிடி மணல் எடுப்பதும் வேண்டாம். சார்டீனியாவில் 2017 முதல் அதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். புதேல்லித் தீவின் இளஞ்சிவப்பு மணல் நுண்ணுயிரிகளின் ஓட்டுத் துகள்களால் நிறம் பெற்றது. வந்தவர்கள் அள்ளி அள்ளி எடுத்ததால் 1994 முதல் அந்தக் கரையில் கால் வைக்கவே தடை.

கடைசியாக ஒன்று. சில கரைகளில் பழுப்பு நிறச் சருகு மேடாகக் குவிந்து, வீச்சமும் அடிக்கும். குப்பை என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அது பொசிடோனியா என்ற கடற்செடியின் உதிர்ந்த இலை. குளிர்கால அலை மணலை அரித்துப் போகாமல் காப்பது அந்த மேடுதான். குடை வாடகைக்காரர்கள் கூட்டிப் பெருக்கும் கரைகளில் அதைக் காண்பது அரிது. நீங்கள் தேடி வந்த கரை ஒருவேளை அந்த மேட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கலாம். தாண்டிப் போய்ப் பாருங்கள்.