உணவகத்துக்கு மீன் வாங்கப் பழகுவோம்: சீசன், விலை, தட்டுக் கணக்கு

மீன் வாங்கும் பொறுப்பு முதன்முறை கைக்கு வந்ததும் நான் செய்தது இதுதான்: மெனுவை அச்சடித்துவிட்டு, அதில் இருக்கும் மீனைத் தேடிப் போனேன். காய்கறியில் இது ஓரளவு ஓடும். மீனில் ஓடாது. போன வாரம் பெட்டி பெட்டியாகக் கிடந்த மீன் இந்த வாரம் இரண்டே பெட்டி வரும், விலை ஏலத்திலேயே எகிறிவிடும். மெனுவில் மட்டும் பழைய விலை அப்படியே நிற்கும். வித்தியாசத்தைக் கட்டுவது நம் கல்லாதான்.

எனவே கடலைப் பார்த்துவிட்டு மெனுவை எழுதுவோம். வரிசையாகப் போகலாம்.

படி 1: விலையை ஆட்டுவது எது என்று பிரித்துப் பாருங்கள்

வேகமாக ஆட்டுவது காற்று. கடல் சீறினால் சின்னப் படகுகள் அன்றைக்கே நின்றுவிடும், மறுநாளே வரத்து குறையும். பல நாள் தங்கிப் பிடிக்கும் பெரிய படகுகளின் கதை வேறு. புயலுக்கு முன் பிடித்த மீனை இறக்கி முடித்த பிறகுதான் அவற்றின் பற்றாக்குறை வெளியே தெரியும். புயல் ஓய்ந்து வெயில் அடிக்கும்போது விலை ஏறுவது இதனால்தான். காலையில் விலைப் பட்டியலுக்கு முன் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நிலா. கணவாய், மத்தி போன்றவற்றைப் பல இடங்களில் இரவில் விளக்கு காட்டிக் கூட்டிப் பிடிப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வெளிச்சம் எடுபடாது. சுவரில் நிலா காட்டும் காலண்டர் ஒன்றை மாட்டுங்கள், செலவில்லாத கருவி.

மூன்றாவது சட்டம்: தடைக்காலமும், இவ்வளவுதான் பிடிக்கலாம் என்கிற பிடிப்பு ஒதுக்கீடும். இது நமக்கு வசதியானது, ஏனென்றால் தேதி பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். சில சமயம் தொலைவில் நடப்பதும் நம்மைத் தொடும். 2023-ல் எல் நினோ காரணமாகக் கடல் சூடேறி, பெருவின் வடக்கு, மத்தியக் கடலில் நெத்திலி பிடிக்கும் முதல் சீசனையே அந்த நாட்டு அரசு ரத்து செய்தது. அந்த நெத்திலிதான் மீன் தூளாகிப் பண்ணை இறாலுக்கும் பண்ணை மீனுக்கும் தீவனமாகப் போகிறது. பண்ணைச் சரக்கு சீசன் பார்க்காது என்பது உண்மை, ஆனால் தீவன விலை அதையும் விடாது.

நான்காவது, பண்டிகை. சந்திரப் புத்தாண்டு நெருங்கினால் சீனாவின் தேவை வட அமெரிக்கத் துறைமுகத்திலேயே உயிருள்ள சிங்கி இறாலின் விலையை ஏற்றிவிடும்.

படி 2: பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்று தயார் செய்யுங்கள்

மேலே மாதங்கள், பக்கத்தில் மீன்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு குறி: ஒன்று வரத்துக்கு, இன்னொன்று ருசிக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் மாதமும் நன்றாக இருக்கும் மாதமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கடலும் எழுதிக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் மேன் மாநிலத்துச் சிங்கி இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஓடு கழற்றிப் புது ஓடு போடும். வரத்து அதிகம், விலை குறைவு. ஆனால் ஓட்டுக்குள் பாதி தண்ணீர், சதை குறைவு, தொலைதூரப் பயணத்தையும் தாங்காது. ஓடு கெட்டிப்பட்ட பிறகு விலை கூடும், சதையும் நிறையும்.

வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி இலையுதிர் காலத்தில் கொழுப்பேறி நிற்கும், கால் பங்குக்கு மேலேகூடக் கொழுப்பு இருக்கும். சினை விட்டபின் அதே மீன் வற்றிப்போய்க் கிடக்கும். பெயர் ஒன்று, அடுப்பில் நடப்பது வேறு.

அதற்காகச் சினைக்கு வரும் மீனெல்லாம் மோசம் என்றும் சொல்லிவிடக் கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாரன்ட்ஸ் கடலிலிருந்து நார்வேயின் லோஃபோட்டன் பக்கம் முட்டையிட நீந்தி வரும் காட் மீனுக்கு ஸ்க்ரெய் என்று தனிப் பெயரே உண்டு. அத்தனை தூரம் நீந்தி வந்த சதை கெட்டியாக இருக்கும் என்று தேடி வாங்குகிறார்கள். மீனுக்கு மீன் பார்த்துத்தான் குறி போட வேண்டும்.

சீசனின் முதல் வாரத்தில் அவசரப்படாதீர்கள். அலாஸ்காவின் காப்பர் ஆற்றுச் சால்மன் மே மாத நடுவில் திறக்கும்போது முதல் மீனுக்கு ஆர்ப்பாட்டமான விலை, வரத்து கூடக் கூட அது இறங்கும். இந்த ஆர்ப்பாட்டத்தின் உச்சம் டோக்கியோவில் நடந்தது: 2019 புத்தாண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அது மீனின் விலை இல்லை, விளம்பரச் செலவு. நமக்கு அந்த வேலை வேண்டாம்.

படி 3: கிலோ விலையை விட்டுவிட்டு, தட்டு விலையைப் போடுங்கள்

இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்.

முழு மீன் கிலோ 100 என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ மீன், 400. தலை, குடல், முள், தோல் எல்லாம் போய் 1.8 கிலோ சதை தேறுகிறது. தட்டுக்கு 180 கிராம் என்றால் பத்துத் தட்டு, தட்டுக்கு 40.

இரண்டு மாதம் கழித்து வியாபாரி கூப்பிட்டு, "வரத்து நல்லா இருக்கு, 85-க்குத் தரேன்" என்கிறார். ஆசையாக அதே 4 கிலோ மீன் வாங்குகிறோம், 340. வயிற்றைக் கீறினால் இரண்டு பக்கமும் சினை தள்ளிக்கொண்டு நிற்கிறது. எடுத்து எடை போட்டால் அதுவே அரைக் கிலோவுக்கு மேல். சதை ஒன்றரைக் கிலோதான். எட்டுத் தட்டு, தட்டுக்கு 42.50.

விலை 15 சதவீதம் குறைந்தது, தட்டு விலை கூடிவிட்டது! சினையை வறுத்துத் தனியாக விற்கத் தெரிந்த சமையலறைக்கு இது நஷ்டமில்லை. தெரியாத சமையலறைக்கு நஷ்டம்தான்.

ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் சீசனுக்கு ஒரு முறையாவது வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். அடுத்தவர் சொன்ன சதவீதத்தை நம்பாதீர்கள், உங்கள் வெட்டுக்காரரின் கைக்கு எவ்வளவு தேறுகிறதோ அதுதான் உங்கள் கணக்கு. வியாபாரி வெட்டிய துண்டாகத் தரும் விலையையும் இதோடு ஒப்பிடுங்கள். தலையும் முள்ளும் சூப்புக்குப் போகாத இடத்தில் வெட்டிய துண்டே பல நேரம் லாபம்.

இறாலில் 21/25 என்று போட்டிருந்தால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அத்தனை எண்ணிக்கை. எண் ஏற ஏற இறால் சிறுக்கும். தலையோடா, தலை இல்லாமலா என்று கேட்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே கூடாது.

படி 4: விலை நோட்டு

தேதி, மீன், கிலோ விலை, தேறிய சதை, அன்றைய காற்று. ஐந்தே பத்தி. மூன்று மாதம் எழுதினால் எது வழக்கமான ஏற்றம், எது உங்களைப் பார்த்துச் சொன்ன ஏற்றம் என்று தெரிந்துவிடும். வியாபாரியிடம் "விலை என்ன?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாமல், "எந்தப் படகு, கரைக்கு வந்து எத்தனை நாள், அடுத்த வாரம் எது இறங்கும்?" என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவரை விடாதீர்கள், கிலோவுக்கு நாலு காசு கூட ஆனாலும் பரவாயில்லை.

படி 5: இறக்கும்போது

ஐஸையும் தண்ணீரையும் வடித்துவிட்டு எடை போடுங்கள். ஒருமுறை நான் பெட்டியோடு எடை போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், பிறகு யாரிடம் கேட்பது? கண், செவுள், மணம் பார்ப்பது எல்லோரும் சொல்வதுதான், செய்யுங்கள். அதைவிட முக்கியம் குளிர். 5 டிகிரியில் மீன், 0 டிகிரியில் கெடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் கெடும். மலிவு என்று மூன்று நாளுக்கு வாங்கிச் சாதாரண ஃபிரிட்ஜில் அடைத்தால், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். ஐஸில் புதைத்து, உருகும் தண்ணீர் வடிய வழி விட்டு வையுங்கள்.

படி 6: இப்போது மெனு

மீனின் பெயரை எடுத்துவிட்டு வகையை எழுதுங்கள்: வெள்ளைச் சதை மீன் வறுவல், எண்ணெய் மீன் குழம்பு, இன்றைய ஓட்டு மீன் (இறால், நண்டு போல ஓடு உள்ளவை). ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் மூன்று மீன்களை உங்கள் தாளில் குறித்து வையுங்கள். தட்டு விலைக்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள். ஒரு மீன் அதைத் தாண்டினால் பேரம் பேசி நேரம் போக்காமல் அடுத்த மீனுக்குப் போய்விடலாம். பெயர் கேட்டே தீருவேன் என்கிற வாடிக்கையாளருக்குக் கரும்பலகை இருக்கிறது. அன்று உண்மையில் வந்த மீனின் பெயரை மட்டும் அதில் எழுதுங்கள், பரிமாறுபவர்களுக்கும் கடை திறக்குமுன் சொல்லிவிடுங்கள். தீர்ந்ததும் அழிக்க ஈரத்துணி ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும்.