எட்டு எண்டு வெட்டினதெல்லாம் ஒரே எட்டில்லை

போன ஆடியில அக்கான்ட மூத்தவன் நோர்வேயில இருந்து வந்து நிக்கேக்க கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினா வழமைபோல மானுகள் மர நிழல்ல நிக்குது, ஒண்டு வந்து இவன்ட அர்ச்சனைத் தட்டில கிடந்த வாழைப்பழத்தை மணக்குது, இவன் அதின்ட கழுத்தைத் தடவிக்கொண்டே "மாமா, எனக்கொரு பழைய 8×57 வேட்டைத் துவக்கு சீப்பா வருது, எடுக்கட்டோ?" எண்டு கேக்கிறான். கோயிலுக்குப் போற வழியில கேக்கிற கேள்வியே. ஆனா எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரிப் போச்சு, ஏனெண்டா இதே கேள்வியை 2003இல நான் எனக்கே கேட்டு நானே ஓம் சொன்னனான்.

இருபது வருசத்துக்கு மேல நோர்வேயில இருந்து, அங்க வேட்டைச் சோதினை பாஸ் பண்ணி, ஒவ்வொரு வருசமும் 30 பயிற்சி வெடி வச்சு, பிறகு 100 மீற்றரில 5 வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள விழுத்தி எல்க் எண்ட பெரிய மான் வேட்டைக்குப் போய் வந்தனான். இப்ப உப்புவெளியில சும்மா இருக்கிறன். அங்க இருக்கிற நம்மட பெடியள் துவக்கு வாங்கிறதெண்டா வட்சப்பில எனக்குப் படம் அனுப்புவாங்கள், அதில முக்கால்வாசி நான் விட்ட அதே பிழைகள்தான். துவக்கு வாயைத் தரைக்குப் பிடி, விசையில விரல் வைக்காத, இதெல்லாம் கோர்ஸில சொல்லித் தந்திருப்பாங்கள், நான் சொல்லேல்ல.

பேரைப் பாதி வாசிக்கிறது

ஐரோப்பியத் தோட்டாவுக்குப் பேரே அளவுதான். முன்னுக்கு இருக்கிறது குழல்ட அகலம், கிட்டத்தட்ட, பின்னுக்கு இருக்கிறது தோட்டாக் கூட்டின்ட நீளம், ரெண்டும் மில்லிமீற்றரில. 6.5 எண்டு மட்டும் சொல்லிக் கடையில நிண்டா 6.5×54, 6.5×55, 6.5×57, 6.5×68 எல்லாம் வரும், ஒண்டுக்கொண்டு மாத்தேலாது. கடைசியில ஆர் (R) எண்டு கிடந்தா அடியில விளிம்பு வச்சது, நடுவில முறிச்சு ரவை போடுற துவக்குகளுக்குச் செய்தது. 7×64ஐயும் 7×65ஆரையும் கிட்டத்தட்ட ஒண்டெண்டு நினைச்சு ரெண்டு பெட்டி வாங்கினவன் ஒருத்தன் எனக்குத் தெரியும், அவன்ட பேர் வேண்டாம், அவன் இதை வாசிப்பான்.

8×57

இதைத்தான் சொல்ல வந்தனான், கொஞ்சம் நீளும்.

1888இல ஜேர்மன் இராணுவம் இந்தத் தோட்டாவைக் கொண்டு வரேக்க சன்னம் 8.07 மில்லிமீற்றர், அங்குலத்தில .318. பிறகு 1905இல கூர்ச் சன்னம் வந்தது, அது 8.22, அதாவது .323, குழலையும் அதுக்கேத்த மாதிரி அகட்டினவங்கள். பழசுக்குப் பேர் ஐ (I), புதுசுக்கு ஐஎஸ் (IS). பழைய ஜேர்மன் எழுத்தில பெரிய ஐ ஜே மாதிரித் தெரியும், அதால ஜேஎஸ் எண்டும் பெட்டியில அடிப்பாங்கள், அது வேற சாமான் இல்லை. பிரச்சினை என்னெண்டா இராணுவம் மாத்தினாலும் வேட்டைத் துவக்கு செய்யிறவங்கள் பழைய அகலத்திலயே இன்னும் கன வருசம் குழல் செய்துகொண்டு இருந்தவங்கள். வித்தியாசம் 0.15 மில்லிமீற்றர். நம்மட கடற்கரையில சின்ன மீனுக்குப் போடுற மெல்லிய தங்கூசி இருக்கெல்லோ, அந்தத் தடிப்பு. தோட்டாக் கூடு ஒண்டுதான், அதால பெரிய சன்னம் போட்டதும் சின்னக் குழல் துவக்குக்குள்ள அனேகமா வழுக்கிக்கொண்டு போய் உக்காரும், ஒண்டும் காட்டிக் குடுக்காது. வெடிக்கேக்கதான் அந்தச் சன்னம் தன்னிலும் ஒடுக்கமான ஓட்டைக்குள்ளால நெரிஞ்சு போகோணும், பின்னுக்கு அமுக்கம் ஏறும்.

நான் வாங்கினது வாய் வரைக்கும் மரம் போட்ட குட்டை ரைபிள், வால்நட் மரம், பாத்தா விடேலாது. 4,500 குரோனர். வித்தவன் செத்த தகப்பன்ட சாமான் எண்டான், அவர் நாப்பது வருசம் இதாலதான் அடிச்சவர் எண்டான். குழல்ல "8×57" எண்டு வெட்டிக் கிடக்கு, அதோட சரி. கூட ஒரு புகையிலை ரின்னும் தந்தான், உள்ளுக்குக் கொஞ்சம் பழைய ரவைகள், மூடியில பென்சிலால 318 எண்டு எழுதிக் கிடந்தது. நான் என்ன நினைச்சன் எண்டு கேளுங்கோ. ரவை எத்தினை எண்டு எழுதி வச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். வீட்ட வந்து எண்ணிக் கூடப் பாத்தன், 17 இருந்தது, மிச்சத்தைக் கிழவன் சுட்டு முடிச்சிட்டார் போல எண்டு நானே சிரிச்சன். அந்த மனுசன் கடைசி வரைக்கும் மூடியில எழுதி வச்சு எச்சரிச்சிருக்கிறார், நான் கணக்குப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

கடையில போய் 8×57 எண்டு கேட்டன், ராக்கையில இருந்ததைத் தந்தான், அது ஐஎஸ். வேற எது இருக்கப்போகுது. முதல் வெடியில தோள்மூட்டு கழண்ட மாதிரி. ரவைக்குப் பின்னால பூட்டுற போல்ட் திறக்குதில்லை, உள்ளங்கையால அடிச்சுத்தான் திறந்தன். அதோட நிப்பாட்டி இருக்கோணும், நான் குட்டைத் துவக்கு எண்டா இப்பிடித்தான் உதைக்கும் எண்டு நினைச்சு ரெண்டாவதையும் வச்சன். பக்கத்து மேசையில இருந்த கிழவர் எழும்பி வந்து ஒண்டும் கதைக்காம என்ட வெற்றுக் கூட்டை எடுத்துத் திருப்பிப் பாத்தார். அடியில இருக்கிற பிறைமர், அதுதான் ஊசி அடிக்க மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி, வழமையா விளிம்பில கொஞ்சம் உருண்டு நிக்கும், என்ட தோசைக்கல்லில அமத்தின மாதிரித் தட்டையாப் போய் ஓட்டைய நிரப்பிக் கிடந்தது, சுத்திவர பித்தளை மினுங்குது. "இனி வைக்காத" எண்டிட்டு துவக்கைத் தானே பூட்டி வச்சார்.

துவக்குத் திருத்திற ஆள் மெல்லிய ஈயத்தைக் குழலுக்குள்ளால தட்டி வெளிய எடுத்து அளந்தான், 8.08. வேற குழல் மாத்த அவன் கேட்ட காசு துவக்கின்ட விலையிலும் கூட. 8×57 ஐ ரவை இப்பவும் வருது, ஆனா தேடித் திரியோணும், விலையும் அப்பிடி. போல்ட்டில வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கிற செலவும் வேண்டாமெண்டு கடைசியில உதிரிச் சாமானுக்கு அவனுக்கே குடுத்தன், 800 குரோனர். அளக்கிறதுக்கு அவன் எடுத்த நேரம் ஒரு கோப்பி குடிக்கிற நேரம்.

இதில இன்னொரு கூத்தும் இருக்கு. அமெரிக்காக்காரன் இந்தக் குழப்பத்துக்குப் பயந்து 8 மில்லிமீற்றர் மவுசர் எண்டு தான் கூப்பிடுற இதே ரவையை 35,000 பிஎஸ்ஐ அமுக்கத்துக்குள்ள மெதுவா நிரப்புறான், ஐரோப்பாவில ஐஎஸ்ஸுக்கு 3,900 பார் வரை போகலாம், அது 56,000 பிஎஸ்ஐக்கு மேல. அதால அமெரிக்கப் பெட்டி ரெண்டு சுட்டுப் பாத்துட்டு ஒண்டும் நடக்கேல்ல, துவக்கு நல்லது எண்டு சொல்றவன்ட கதையைக் கேக்காதேங்கோ.

பழைய க்ராக்குக்குப் புது ரவை

க்ராக் எண்டது நோர்வே இராணுவத்தின்ட 1894ஆம் ஆண்டுத் துவக்கு, போல்டைப் பூட்டிப் பிடிக்கிற காது முன்னுக்கு ஒரே ஒண்டு. 6.5×55தான், ஆனா இண்டைய அமுக்கம் கூடின ரவை அதுக்கில்லை.

ஸ்டெக்கர்

ஐரோப்பிய வேட்டைத் துவக்குகளில விசையை முன்னுக்குத் தள்ளினா டிக் எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு மூச்சுப் பட்டாலும் வெடிக்கும், அதுதான் ஸ்டெக்கர். புதுசா வாங்கினவன் அதை விளையாட்டுச் சாமான் மாதிரி எல்லாருக்கும் காட்டுவான். எங்களோட வந்த ஒருத்தன் எல்க் வருதெண்டு தள்ளி வச்சான், எல்க் திரும்பிப் போட்டுது, இவன் அப்பிடியே எழும்ப கையுறை பட்டு, சன்னம் ஸ்ப்ரூஸ் மரத்துக்குள்ள. மிருகம் துவக்கின்ட குறிக் கண்ணாடிக்குள்ள நிண்டாத்தான் தள்ளுறது. சுடேல்லையெண்டா முதல் சேப்டி, பிறகு போல்டைத் திற.

குளிருக்குள்ள இருந்து வீட்டுக்குள்ள

மைனஸ் 15இல நிண்ட துவக்கைச் சூடான கபினுக்குள்ள கொண்டு வந்தா ஐஸ் சோடாப் போத்தல் மாதிரி வேர்க்கும், போல்ட்டுக்குள்ளயும்தான். காலமை வெளிய கொண்டு போக அந்தத் தண்ணி உறைஞ்சு ஊசி அடிக்காது. குளிரான அறையிலயே பூட்டி வையுங்கோ.

செப்புச் சன்னம்

டென்மார்க்கில 2024 ஏப்ரலில இருந்து ரைபிளுக்கு ஈயச் சன்னம் போட்டு வேட்டையாடேலாது. செப்புக்கு மாத்தினா திரும்ப இலக்குப் பாக்கோணும். பழைய சைற்றை நம்பாத.

ஊருக்குக் கொண்டு வாறது

கேக்கவே வேண்டாம்.

மருமோன் திரும்பிப் போய் படம் அனுப்பினவன். "8×57", அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. முதல் அளந்து போட்டு வா எண்டன். விக்கிறவர் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லட்டாம், வேற ஆளும் கேக்குதாம் எண்டான். எனக்கு வித்தவனும் வெள்ளிக்கிழமை எண்டுதான் சொன்னவன்.