1920களின் ப்ளூஸ் தட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

1920இல் பாடகி மேமி ஸ்மித் ஓகே (Okeh) என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) தட்டு பிரமாதமாக விற்றது. அதன் பிறகுதான் கறுப்பின மக்களை மனதில் வைத்துத் தனி வரிசையில் தட்டு போடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அப்படியொரு 10 அங்குல 78 தட்டு (நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுற்றுவது) கையில் இருந்தால், பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு இருக்கும்.

1. முதலில் தேதி. லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது பதிவுக்குக் கம்பெனி கொடுத்த அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இலவச இணையத் தரவுத்தளத்தில் தேடினால், பல தட்டுகளுக்குப் பதிவான நாளும் ஊரும் கிடைக்கும். 1925 வாக்கில்தான் மைக் வந்தது. அதற்கு முன் பாடகர் புனல் முன் நின்று பாடினார். கடைசிப் படியில் இந்த வித்தியாசம் தேவைப்படும்.

2. கழுவுதல். ஆல்கஹால் கலந்த எல்பி (பிற்கால வினைல் தட்டு) கிளீனர் வேண்டவே வேண்டாம். இந்தத் தட்டு அரக்கும் கல்தூளும் சேர்த்து அழுத்தியது. ஆல்கஹாலில் அரக்கு கரையும். காய்ச்சி வடித்த நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். லேபிள் நனையக்கூடாது. நிற்க வைத்து உலர்த்துங்கள்.

3. ஊசி. எல்பி ஊசியின் நுனி சுமார் 18 மைக்ரான். 78இன் அகலமான வரிப்பள்ளத்தில் அது அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் படிக்கும். சுமார் 76 மைக்ரான் ஊசி வாங்குங்கள். அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 5 கிராம். பழைய இரும்பு ஊசி சுவரின் ஒரு மட்டத்தைத் தேய்த்திருந்தால், சற்றுப் பெரிய அல்லது சிறிய ஊசி தேயாத இடத்தைத் தொடும்.

4. வேகம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 78 தட்டின் சரியான வேகம் என்று சொல்லப்படும் 78.26 என்பது நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் மோட்டாரை 46ஆல் வகுத்து வந்த எண். 1920களில் எல்லாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கொலம்பியா கம்பெனியின் பழைய தட்டுகள் பல 80இல் ஓடவேண்டியவை. 4.6 சுற்று கூடினாலே பாட்டு அரைச் சுரம் ஏறிவிடும். பக்கவாத்தியம் பியானோ என்றால் அதன் சுருதியை வைத்துச் சரிபார்க்கலாம். தனி கிதார் என்றால் நம்ப முடியாது, காப்போ (சுருதியை ஏற்றக் கம்பிகள் மேல் மாட்டும் பிடி) போட்டிருப்பார்கள், கம்பியை இஷ்டத்துக்கு இறக்கியிருப்பார்கள். ப்ளூஸ் கிதார் பாடகர் ராபர்ட் ஜான்சனின் தட்டுகள் எல்லாம் வேகமாக்கப்பட்டவை என்றொரு வாதம் உண்டு. 1936இல் சான் அன்டோனியோ, 1937இல் டல்லாஸ் என இரண்டு ஊரிலும் ஒரே அளவில் பிசகியிருக்கும் என்பதை ஏற்பது கஷ்டம்.

5. பதிவு. ஸ்டீரியோவில், 24 பிட்டில், உச்சம் -6 டெசிபெலைத் தாண்டாமல் எடுங்கள். கீறலின் சத்தம் பாட்டை விடப் பெரியது. பிறகு இரு சேனலையும் கூட்டி மோனோ ஆக்கினால் ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் பெருமளவு அடங்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் மற்ற சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒலிச் சமன். போனோ ப்ரீஆம்ப்பில் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) இருக்கும் ஆர்ஐஏஏ சமன், அதாவது பாஸையும் கீச்சையும் சரிசெய்யும் பொது அளவு, 1954இல் வந்தது, இந்தத் தட்டுகளுக்குப் பொருந்தாது. புனல் பதிவுக்குச் சமனே வேண்டாம். மைக் பதிவுக்கு 250 முதல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸை உயர்த்துங்கள்.

இரைச்சல் நீக்கியை மட்டும் அளவோடு தொடுங்கள். பாரமவுண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் தட்டுகளில் கேட்கும் சரசரப்பு மட்டமான கலவையிலிருந்து வருவது. அதை முழுக்கத் துடைத்தால் அதற்குப் பாடிய ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டனின் கிதார்க் கம்பி உரசலும் சேர்ந்து போய்விடும். கிளிக்குகளை எடுப்பதோடு நிறுத்தி, தொடாத மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். தட்டுகளை அச்சிடப் பயன்பட்ட பாரமவுண்டின் உலோகத் தாய்த்தட்டுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை.